கறுப்பாய் இறங்கிய தூசி

எங்கள் வீட்டில் துவரம்பருப்பு டப்பாவில் பருப்பு இருந்ததே இல்லை. மாத்திரைதான் இருந்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மாத்திரைகளுக்கு ஸ்ட்ரிப் போடும் கம்பெனி ஒன்றில் அப்போது எனக்கு வேலை. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்கள். பெல்ட்டில் ஓடிவரும் ஸ்ட்ரிப்புகளை டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஒரு குழி காலியாக இருந்தாலும், மேலே ஒட்டிய தாள் சுருங்கியிருந்தாலும் அதை எடுத்துக் கழிவுப் பெட்டியில் போட வேண்டும். மாத்திரைக்கு ஒரு குறையும் இருக்காது, தாள்தான் கோணியிருக்கும். நாங்கள் பெண்கள் ஆளுக்கு இரண்டு மூன்று ஸ்ட்ரிப்பைச் சாப்பாட்டு அடுக்கின் கீழ்த்தட்டில் போட்டுக்கொண்டு வந்துவிடுவோம். கேட்டில் சோதிக்கிற அம்மாவும் எங்களை மாதிரிதான், ஊறுகாய் வாடை அடிக்கிற தட்டைத் திறக்க மாட்டாள். அதைத் திருட்டு என்று நான் நினைத்ததில்லை. மாட்டினால் வேலை போய்விடும் என்பது மட்டும் தெரியும்.

எங்கள் லைன் வீட்டில் பதினான்கு குடித்தனம். பதினான்குக்கும் நான்தான் டாக்டர். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது, ஆனால் நிறம் தெரியும். ஆரஞ்சு என்றால் வலி. பாதி சிவப்பு பாதி வெள்ளை என்றால் கேஸ். ஆரஞ்சைப் போட்டால் கூடவே கேஸ் மாத்திரையும் போட வேண்டும், அப்போதுதான் வயிறு புண்ணாகாது என்று எங்கள் சூப்பர்வைசர் ஒருநாள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. யார் வந்து நின்றாலும் முதலில் நன்றாகத் திட்டுவேன், பிறகு இரண்டு நிறத்தையும் சேர்த்துக் கொடுப்பேன். 'அக்கா திட்டிக் குடுத்தாத்தான் மாத்திர வேல செய்யும்' என்று கிண்டல் பண்ணுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, ரொம்பவே பிடித்திருந்தது.

அந்த டப்பாவிலிருந்து அதிகம் தின்றவர் என் வீட்டுக்காரர்.

அவருக்குக் கம்பி மில்லில் வேலை. பழுத்துச் சிவந்த இரும்பு, உருளைகளுக்கு நடுவில் நசுங்கிப் பாம்பு மாதிரி வெளியே பாயும். அதை இடுக்கியால் பிடித்து, அப்படியே திரும்பி, அடுத்த உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். ஒரு ஷிப்டு முழுக்க இதுதான். பிடி, திரும்பு, கொடு. அடுத்த உருளையில் நிற்பவர் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கம்பி தப்பிப் பறந்தால் விசில் அடிப்பதற்கென்றே ஒரு ஆள் மேடை மேல் நிற்பார். விசில் கேட்டதும் அத்தனை பேரும் இடுக்கியைப் போட்டுவிட்டுத் தாவ வேண்டும். அந்த விசிலால்தான் இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள்.

வலது தோள் வலிக்காத நாள் அவருக்கு இல்லை. காலையில் ஷிப்டுக்குப் போகுமுன் வெறும் வயிற்றில் டீ, டீயோடு ஆரஞ்சு ஒன்று. 'நாஷ்டா துன்னுட்டுப் போட்டா இன்னாவாம்?' என்று கத்துவேன். 'கம்பிகிட்ட நிக்க சொல்லோ வயித்துல இருந்தா கொமட்டும்மே' என்பார். திரும்பி வந்ததும் இன்னொன்று. இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. கேஸ் மாத்திரையும் தவறாமல் கொடுத்தேன். என் கணக்கில் காவல் போட்டாயிற்று.

மில்லில் எல்லாமே கறுப்பு. அவர் துப்பினால் கறுப்பு, மூக்கைச் சிந்தினால் கறுப்பு, தலையணை உறை கறுப்பு. தூசியை வயிற்றுக்குள் தங்கவிடாமல் இறக்கிவிடும் என்று ஷிப்டுக்கு ஒரு வெல்லக்கட்டி மில்லிலேயே கொடுப்பார்கள். எல்லோரும் நம்பினோம். அதனால் ஒருநாள் காலையில் அவர் கக்கூசிலிருந்து வந்து, வெளியே போனதெல்லாம் தார் மாதிரிக் கறுப்பு என்று சொன்னபோது எங்களுக்குப் பயம் வரவில்லை. அதைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அண்ணன் அதைக் கேட்டுச் சிரித்தார். 'நைனா, உனுக்கு வெல்லம் நல்லா வேல செய்து. தூசி பூரா எறங்குது. எனக்கு ஒண்ணும் எறங்க மாட்டேங்குதே!'

'நாளைக்கு ஒரு கம்பியே எறக்குவாரு பாரு' என்றேன் நான். குழாயடியே சிரித்தது.

அதற்கப்புறம் அது அடிக்கடி நடந்தது. வாடை வேறு தாங்காது, ரசம் கெட்டுப்போன வாடையும் இரும்பு வாடையும் கலந்தது. தூசியின் வாடை என்று நினைத்தேன். பிறகு அவர் அரிசி தின்ன ஆரம்பித்தார். பச்சை அரிசியைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளி மாடு மாதிரி மென்றுகொண்டே இருப்பார். 'புள்ளத்தாச்சியா நீ? துன்றத நிறுத்துய்யா, ரத்தம் செத்துடும்' என்று பானையைப் பிடுங்குவேன். ரயில்வே ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். இடுக்கி கனக்கிறது என்றார். தோள் வலியால்தான் கனக்கிறது என்று முடிவு பண்ணி நான் சாயங்காலம் ஒன்றுக்கு இரண்டாக்கினேன். என் புத்தியை என்ன சொல்ல!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குழாயடியில் குடத்தைத் தூக்கியவர் குடத்தோடு விழுந்தார். வேட்டியெல்லாம் கறுப்பாக நனைந்திருந்தது. கண் மேலே சொருகிவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன்தான் அவரைத் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரை ஓடினார். ஊர் டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்து, இங்கே நிற்காதே, சென்னைக்குக் கொண்டு போ என்று விரட்டினார். மில் வேனைக் கெஞ்சிக் கொண்டுவந்ததும் அந்த அண்ணன்தான். வேன் கிளம்பும்போது வீட்டுச் சாவியை அவருடைய மனைவியிடம், நான் அக்கா என்று கூப்பிடுகிறவளிடம், எறிந்துவிட்டு ஏறினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் டாக்டர். என் வீட்டுக்காரரின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். என்னையும் பார்க்கச் சொன்னாள். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய இடம் பழைய வேட்டி மாதிரி வெளுத்திருந்தது.

'எவ்வளவு நாளா கறுப்பா போகுது?'

'அது மில்லு தூசிம்மா' என்றேன். அவர் அரிசி தின்பதையும் மூச்சு வாங்குவதையும் சொன்னேன்.

'தூசி இல்லம்மா. ரத்தம். உள்ளேயே ஒழுகி, குடல் வழியா வரும்போது கறுத்துப்போகுது. இரும்பு மில்லுல வேலை செய்யறாரு, உடம்புல இரும்பே இல்ல. அதனாலதான் அரிசி தின்னிருக்காரு.' பிறகு நிதானமாகக் கேட்டாள். 'வலி மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா?'

என் வீட்டுக்காரர் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தவர், அதைக் கேட்டதும் திறந்தார். என்னைப் பார்த்தார். 'ஒண்ணும் துன்றதில்லம்மா' என்றார்.

அவர் யாருக்காகச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். மாத்திரை ஏது, யார் கொடுத்தது என்று கேள்வி போய்க்கொண்டே இருந்தால் என் வேலையில் வந்து நிற்கும், போலீஸ் வரை போகும் என்று பயந்தார். டாக்டர் என் பக்கம் திரும்பினாள். நானும் தலையை ஆட்டினேன். 'ஒண்ணும் இல்லம்மா.'

ரத்தம் ஏற்றினார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தார்கள். வயிறு சுத்தமாக இருக்கிறது, ஒரு புண்ணும் இல்லை என்று வெளியே வந்து சொன்னார்கள். பார்த்தாயா, கேஸ் மாத்திரை காப்பாற்றியிருக்கிறது என்று எனக்குள் ஒரு பெருமை வந்தது. அப்படியானால் ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்குப் புரியவில்லை. டி.பி.யா, கட்டியா, பூச்சியா என்று இரண்டு நாள் தேடினார்கள்.

இனிமேல் சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த இரண்டு நாளும் வார்டில் அவர் தோள் வலி என்று முனகினார். வேன் வருவதற்குள் அவசரமாக அடைத்த என் பைக்குள், மாற்றுப் புடவைக்கு அடியில், இரண்டு ஸ்ட்ரிப் இருந்தது. காலையில் டீ வாங்கிவந்து, நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும், நானே அவர் நாக்கில் ஆரஞ்சு மாத்திரையை வைத்தேன். சாயங்காலமும் வைத்தேன். மறுநாளும் வைத்தேன். ஒரு கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் நான் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை மறுபடி போனது. இந்தத் தடவை கறுப்பு மட்டும் இல்லை, சிவப்பும் கலந்திருந்தது. கட்டில் நனைந்து தரையில் சொட்டியது. ஆட்கள் ஓடிவந்தார்கள். அவர் உதடு நீலமாக இருந்தது. 'தோளு இப்போ வலிக்கலமே' என்றார் என்னிடம், ஏதோ நல்ல சேதி சொல்கிற மாதிரி.

பையை அப்படியே தரையில் கொட்டினேன். ஸ்ட்ரிப்பை எடுத்து அந்தப் பெண் டாக்டரின் கையில் திணித்தேன். 'இத்ததாம்மா துன்னாரு. ஒரு வருசமா. நேத்து சாயங்காலங்கூட குடுத்தேன். எங்க கம்பெனி மாத்திர. நான்தான் எடுத்தாந்து குடுத்தேன். என்ன இன்னா வேணா பண்ணுங்க.'

அவள் ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. 'உங்க கம்பெனி எனக்கு எதுக்கும்மா? ரெண்டு நாளா உங்க வாய்க்குள்ள என்ன இருந்துச்சு?' என்று கத்தினாள். அந்தச் சின்னப் பெண் என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். போலீசும் வரவில்லை, கம்பெனிக்கு யாரும் எழுதவும் இல்லை. அந்தப் பயத்துக்கு அர்த்தமே இருக்கவில்லை.

ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வராந்தாவில் சுவரோரமாக உட்கார்ந்தேன். மத்தியானம் அந்த டாக்டரே வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கோபம் இறங்கியிருந்தது. அவள் சொன்னதை அப்படியே மனதில் வைத்திருக்கிறேன்.

குடலுக்கு உள்பக்கம் ஒரு தோல் இருக்கிறதாம். ஒரே ஒரு வரிசை அணுக்கள், அவ்வளவுதான் அதன் கனம். அந்தப் பக்கம் நாம் தின்னதும் கோடிக்கணக்கான கிருமியும். இந்தப் பக்கம் ரத்தம். நடுவில் அந்த ஒற்றை வரிசை. நாலைந்து நாளைக்கு ஒருமுறை அது உதிர்ந்து புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கும். அதை ஒட்டிக் கீழே உடம்பின் காவல் அணுக்கள் உட்கார்ந்திருக்கும். எங்காவது கீறல் விழுந்தால், கிருமி எட்டிப் பார்த்தால், அவை உடனே சேதி அனுப்பும். சளியைச் சுரந்து மூடு, அங்கே ரத்தத்தைக் கூட்டு, புதுத் தோலை வளர்த்து ஓட்டையை அடை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சேதி. பக்கத்தில் இருக்கிற அணுக்களும் சேர்ந்து அனுப்பும்.

'அந்தச் சேதில ஒண்ணுதாம்மா அவரு தோள்ல வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குறது. மாத்திரை அதை நிறுத்தும். ஆனா தோள் எது, குடல் எதுன்னு மாத்திரைக்குத் தெரியாது. ரெண்டு இடத்துலயும் நிறுத்திடும். அப்புறம் கீறல் விழுந்தா காப்பாத்துறதுக்குச் சேதி சரியாப் போகாது. கிருமி உள்ள வரும். புண் ஆழமாகும்.'

'கேஸ் மாத்திர குடுத்தேனேம்மா. கூடவே குடுத்தேனே.'

'அது வயித்துல இருக்கிற அமிலத்தைக் குறைக்கும். வயித்தைக் காப்பாத்திச்சு. அதனாலதான் குழாய்ல ஒண்ணும் தெரியல. அதுக்குக் கீழ இருக்கிற குடலுக்கு அது காவல் இல்ல.'

எனக்கு மில் விசில் ஞாபகம் வந்தது. மேடை மேல் நிற்கிற ஆளின் வாயைக் கட்டிவிட்டு, தினமும் காலையில் டீ கொடுத்து, போ, கம்பி பிடி என்று அனுப்பியிருக்கிறேன். அழுதேன். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் வெளியே கொண்டுவந்தார்கள். குடலில் இரண்டு முழம் வெட்டி எடுத்து ஒட்டியிருந்தார்கள். உள்ளே வளையம் வளையமாகப் புண்ணாம், ஒன்று ரத்தக் குழாயையே அரித்திருந்ததாம். பிழைத்தார். நாலு நாள் கழித்துத்தான் கண் விழித்தார்.

கண் விழித்ததும் நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, 'நான் இல்லன்னு சொன்னேன், நீ ஏன்மே இல்லன்னு சொன்ன?' என்றார். நான் அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

அங்கே மொத்தம் இருபது நாள் கிடந்தோம். அந்த இருபது நாளில் பருப்பு டப்பா என் நினைவுக்கே வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஒருமுறை வந்தது. லைன் வீட்டில் யார் யாருக்கெல்லாம் ஆரஞ்சு கொடுத்தேன் என்று வரிசையாக முகங்கள் வந்தன. ஆஸ்பத்திரி வாசலில் டெலிபோன் பூத் இருந்தது. எங்கள் தெருமுனைக் கடையின் நம்பரும் எனக்கு மனப்பாடம். ரிசீவரை எடுத்தேன். என்ன சொல்வது? நான் கொடுத்ததெல்லாம் விஷம் என்று கடைக்காரரிடம் சொல்வதா? பதினான்கு குடித்தனமும் என்னை என்ன பேசும்? ஊருக்குப் போய் நேரில் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ரிசீவரை வைத்துவிட்டேன். வெட்கம்தான், வேறென்ன.

மின்சார யூனிட் ரயிலில் ஊருக்கு வந்தோம். என் தோளைப் பிடித்துக்கொண்டு மேம்பாலப் படியில் ஒவ்வொன்றாக இறங்கினார். மத்தியான நேரம், லைன் வீட்டில் ஆண்கள் யாரும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து அவருக்குத் திருஷ்டி கழித்தாள், சாவியைக் கொடுத்தாள், அழுதாள். வீட்டைப் பெருக்கி, தண்ணீர் பிடித்து வைத்து, பால்கூட வாங்கி வைத்திருந்தாள்.

அவரைப் படுக்கவைத்துவிட்டு முதல் வேலையாக டப்பாவை எடுத்தேன். அப்படியே கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டிவிட வேண்டும். டப்பா எடையே இல்லாமல் இருந்தது. திறந்தேன். சிவப்பு வெள்ளை அப்படியே இருந்தது. ஆரஞ்சு ஒன்றுகூட இல்லை.

'அக்கா, இதுல இருந்தது எங்க?'

'கோச்சிக்காதமே' என்றாள். 'உன் ஊட்டுக்காரு இடுக்கிக்கு மில்லுல ஆளு போடல. எங்க ஊட்டுக்காருதான் ரெண்டு உருளையும் பாத்துக்கினு கீறாரு, இருபது நாளா டபுளு ஷிப்டு. தோளு வுட்டே போச்சுன்னு ஒரே பேஜாரு. உன்ன எங்க போயி கேக்கறது? சாவி கைல கீதேன்னு நாங்களே எடுத்துக்கினோம். காலீல ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. இன்னிக்கு வெடியக்காலம்தான் கடசியா கீறத போட்டுக்கினு போனாரு.'

அவள் கையைப் பிடித்தேன். 'கேஸ் மாத்திர?'

'அத்த துன்னா வாய் கசக்குதாம். ஆனா ஒண்ணு, இப்போ இவருக்கும் நல்லா வேல செய்து.' அவள் முகம் மலர்ந்தது. 'மூணு நாளா தூசி பூரா கறுப்பா எறங்குது. நைனாவுக்கு எறங்குன மாரியே எனக்கும் எறங்குதுன்னு ஒரே சந்தோசம் அவருக்கு.'

கையிலிருந்த டப்பா விழுந்து கேஸ் மாத்திரை ஸ்ட்ரிப்புகள் அடுப்படி வரை சிதறின. உள்ளே படுத்திருந்த என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வயிற்றுத் தையலைக் கையால் பிடித்துக்கொண்டு, 'ஓடுமே' என்றார். 'நிக்காத, ஓடு.'

செருப்பில்லாமல் ஓடினேன். தொழிற்பேட்டை ரோட்டில் தார் கொதித்தது. சாப்பாட்டு நேரம் முடிந்து எங்கள் கம்பெனிப் பெண்கள் மில் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள், சூப்பர்வைசரும் அங்கேதான் நின்றார். கம்பி மில் கேட்டில் வாட்ச்மேன் மறித்தார். 'இன்னாம்மா, இன்னா விசயம்? உள்ள வுட முடியாது.'

'ரெண்டு உருளையும் பாத்துக்குற அண்ணன வெளிய கூப்புடுங்க. இடுக்கிய கீழ போடச் சொல்லுங்க. அவருக்கு உள்ள ரத்தம் போவுது.'

'யாரு சொன்னது உனுக்கு?'

நான் திரும்பிப் பார்த்தேன். சூப்பர்வைசர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரிடம் இரண்டு நாள் சொல்லாததை, பூத்தில் ரிசீவரை எடுத்தும் சொல்லாததை, அந்த ரோடு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினேன். 'நான்தான் குடுத்தேன்! எங்க கம்பெனில இருந்து திருடியாந்து நான்தான் குடுத்தேன்! என் ஊட்டுக்காரு குடல அறுத்துப் போட்டது அதான்! கூப்புடுய்யா அவர!'

வாட்ச்மேன் உள்ளே ஓடினார். ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது. பிறகு அண்ணன் வந்தார். முகமெல்லாம் கரி, தோளில் கறுத்த துண்டு. என்னைப் பார்த்ததும் பல் தெரியச் சிரித்தார். 'வந்துட்டியாமே? நைனா எப்டி கீறான்?' என்று கேட்டுக்கொண்டே வந்தவர், கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார். கையை நீட்டி, அந்தப் பெண் டாக்டர் செய்த மாதிரியே, அவருடைய கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தேன். கரிக்கு நடுவில் அது வெள்ளை வெளேரென்று இருந்தது.